பாளையங்கோட்டைக் குதிரைக் கொட்டில்: மூன்று மாதம் விட்டுப் பார்த்ததில்

போன ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் நெடுந்தூரப் பந்தயத்துக்கு என்று ஒரு கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை வாங்கினேன். சுழி சுத்தம், உடம்பில் கெட்ட சுழி ஒன்றுமில்லை. காது இரண்டும் நுனி தொட்டுக்கொள்ளும். நாலு தலைமுறை எழுதிய வம்சாவளிக் காகிதம் வேறு. அதற்காகவே 40,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். சேரன்மகாதேவி வாய்க்கால் கரையில் 8 கிலோமீட்டர் ஓட்டினேன், நுரை தள்ளி நின்றுவிட்டது.

அப்புறம்தான் பாளையங்கோட்டைக்கு வெளியே இருக்கும் இந்தக் கொட்டிலில் பழக்க விட்டேன். மாதம் 9,000, தீவனம் தனி. காகிதத்தை நீட்டினால் கொட்டிலை நடத்தும் பெரியவர் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "இதுல தாத்தால்லா ஓடுதாரு அண்ணாச்சி, ரோட்டுல பேத்தில்லா ஓடணும்" என்றார்.

முதல் ஆறு வாரம் வெறும் நடைதான். நடக்க வைக்கவா இவ்வளவு பணம் என்று எனக்கு எரிச்சல். பெரியவர் காரணம் சொன்னார்: மூச்சு சீக்கிரம் பழகிவிடுமாம். எலும்பும் தசைநாரும் தேற மாதக்கணக்கில் ஆகுமாம், அதற்குள் விரட்டினால் கால் போய்விடுமாம். நெடுந்தூரப் பந்தயத்தில் 160 கிலோமீட்டர் வரை உண்டு. இடையிடையே மருத்துவர் நாடி பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 64-க்கு இறங்காவிட்டால் வெளியே. அதனால் இங்கேயும் தினமும் ஸ்டெதஸ்கோப் வைக்கிறார்கள். வந்த புதிதில் அரை மணி நேரம் ஆகியும் என் குதிரைக்கு இறங்கவில்லை. மூன்றாம் மாதம் 20 கிலோமீட்டர் ஓடி வந்து 12 நிமிடத்தில் இறங்கியது. பக்கத்துக் கொட்டடியில் அப்பன் பேர் தெரியாத நாட்டுக் குதிரைக்கு 7 நிமிடம்! வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் இந்தப் பந்தயங்களில் முன்னால் வருவது பெரும்பாலும் அரபு ரத்தம்தான் என்பதைப் பெரியவரும் மறுக்கவில்லை.

நம் காயல் துறைமுகத்திலேயே பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கின. சோறும் கறியும் ஆக்கிப்போட்டு, பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்டார்கள் என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இங்கே ஊறவைத்த கானமும் (கொள்ளு) காய்ந்த புல்லும்தான், அளந்து போடுகிறார்கள். தேரி மணலில், அதாவது செம்மணல் மேட்டில் ஓட்டச் சொன்னேன்; ஆழமான மணல் தசைநாரை இழுத்துவிடும் என்று மறுத்துவிட்டார். சரி என்று விட்டேன்.

குறை, லாடம்தான். லாடக்காரர் மாதம் ஒருமுறைதான் வருகிறார். ஒரு லாடம் கழன்று 9 நாள் குதிரை சும்மா நின்றது, அந்த நாளுக்கும் காசு வாங்கிக்கொண்டார்கள். மத்தியானம் போன் எடுக்க ஆளில்லை. குதிரை ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் காலை 5 மணிக்கே போய்விட வேண்டும். 7-க்கு மேல் வெளியே எடுக்க மாட்டார்கள்.

அடுத்த மூன்று மாதத்துக்கும் கட்டிவிட்டேன். லாடக்காரரை மட்டும் மேலப்பாளையத்திலிருந்து நானே பைக்கில் கூட்டிக்கொண்டு போகிறேன்.