புது டயர் விலைக்கு ஐந்தாண்டுப் பழைய டயர்: சென்னையில் வாங்குகிறவர்கள் கவனிக்க

வேகமான காருக்கு நல்ல பிடிமானம் உள்ள டயர் தேடிக்கொண்டிருக்கும் சென்னைவாசிகள், பணம் கொடுப்பதற்கு முன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். நான்கு டயருக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு, இரண்டைப் புதிதாகவும் இரண்டை ஐந்து ஆண்டுக்கும் மேல் கிடங்கில் கிடந்ததாகவும் மாட்டி அனுப்பியிருக்கிறது ஒரு கடை. பழையது என்று தெரியாமலிருக்க அந்த இரண்டையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருக்கிறார்கள். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இதே வேலையை எந்தக் கடையும் செய்ய முடியும். அதனால் செய்த விதத்தை விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடி. ஒன்றரை லிட்டர் டர்போ என்ஜின், 150 குதிரைத்திறன், முன்சக்கரங்களே இழுக்கும் வண்டி. டயர் அளவு 205/55 ஆர்16: அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 16 அங்குலம். பழைய டயர்களின் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகள், தேய்ந்து, இதற்குமேல் ஓட்டக் கூடாது என்ற 1.6 மில்லிமீட்டர் குறியை நெருங்கிவிட்டதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் நான்கையும் மாற்ற முடிவு செய்தேன். இந்த முறை சாதாரண டயர் வேண்டாம், ஈரத்தில் பிரேக் நன்றாகப் பிடிக்கும், வளைவில் நம்பி ஸ்டீயரிங்கைத் திருப்பலாம் என்ற வகையில் ஒன்று வேண்டும் என்பது என் விருப்பம்.

அப்படிப்பட்ட டயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதற்குப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலையின் முழு அர்த்தமும் அங்கேதான் இருக்கிறது. அது பெரும்பாலும் ரப்பர் கலவைக்குப் போகிறது. கலவை மென்மையாக இருப்பதால் சாலையின் பொடிப் பொடியான மேடு பள்ளங்களுக்குள் இறங்கிப் பிடிக்கிறது; அதனாலேயே சீக்கிரம் தேயவும் செய்கிறது. பல டயர்களின் பக்கச் சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். 200, 300 என்றால் பிடிமானத்துக்காகச் செய்தது, 500 என்றால் நீண்ட உழைப்புக்காகச் செய்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைத் தயாரிப்பாளரே கொடுப்பதால், ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் அது நம்பகமானது. ஆக, நாம் மென்மைக்கு விலை கொடுக்கிறோம். வயதாகும்போது டயர் இழப்பதும் அந்த மென்மையைத்தான்.

கடை அண்ணா சாலையை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. முதலில் 215/55 அளவைத் தள்ளப் பார்த்தார்கள். "அகலம் கூடினால் பிடிமானம் கூடும் சார்" என்றார் விற்பனையாளர். கையிருப்பில் அந்த அளவு இருந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 205/55 ஆர்16 டயரின் வெளிவிட்டம் சுமார் 632 மில்லிமீட்டர், 215/55 ஆர்16 சுமார் 643. சக்கரம் 1.7 சதவீதம் பெரிதாகிறது, அந்த அளவுக்கு வேகமானி குறைத்துக் காட்டும். அது வேண்டாம் என்றதும், அதே அளவில் 91எச் என்று ஒன்றை எடுத்தார்கள். 91 என்பது ஒரு டயர் தாங்கும் எடை, 615 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240. நம் சாலையில் யாரும் 210-இல் போகப்போவதில்லை. இருந்தாலும் வண்டியோடு வந்த குறியீட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. வேகக் குறியீடு என்பது அந்த டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது, ஏப்ரல், மே மாதங்களில் நம் நெடுஞ்சாலைகள் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியில் நான் கேட்ட 91வி வந்தது. "இறக்குமதி சரக்கு சார், இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை" என்றார்கள். இதில் பாதி உண்மை. 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசு புதிய டயர்களின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதன்பின் இந்த வகை டயர்கள் அரிதாகின, விலையும் ஏறியது. சொல்லப்படாத மறுபாதி என்னவென்றால், கட்டுப்பாட்டுக்கு முன் வந்து விற்காமல் தங்கிய சரக்குக்கும் அதே அரிய பொருளின் விலை கிடைக்கிறது.

தயாரிப்புத் தேதியைக் காட்டச் சொன்னேன். ஒரு டயரை உருட்டி வந்து காட்டினார்கள். டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் 0925 என்று இருந்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதாவது 2025-ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். மற்ற மூன்றையும் காட்டுங்கள் என்றேன். "எல்லாம் ஒரே லாட் சார், மெஷினுக்குப் போய்விட்டது. நீங்கள் உள்ளே ஏசியில் உட்காருங்கள், அங்கே வாடிக்கையாளர்களை விடுவதில்லை, பாதுகாப்புக்காக" என்று பதில் வந்தது. கையில் கிடைத்த பில்லில் "டயர் - 4" என்பதோடு அளவு மட்டும் இருந்தது. மாடல், வரிசை எண், தயாரிப்பு வாரம் எதுவும் இல்லை. அதையும் கேட்டேன். கணினியில் அப்படி ஏற்றும் வசதி இல்லையாம்.

அக்டோபரில் முதல் பெருமழை. கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவுப் பாதையில் இறங்கும்போது, வண்டியின் பின்பக்கம் வெளியே நழுவியது. வேகம் அதிகமில்லை, பக்கத்தில் வந்த ஆட்டோவும் அதே வேகத்தில்தான் வந்தது. வண்டி நழுவாமல் காக்கும் ஈஎஸ்சி அமைப்பின் விளக்கு விட்டு விட்டு எரிந்து, வண்டி தானாகவே நேரானது. முன்சக்கரம் இழுக்கும் கார் பிடி இழந்தால் வழக்கமாக மூக்குதான் வளைவுக்கு வெளியே போகும்; ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்பக்கம் நழுவினால் அப்படியில்லை. காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து, பின்சக்கரங்கள் இன்னும் லேசாகிச் சுழற்சி அதிகமாகும். இரண்டு டயர் மட்டும் மாற்றினாலும் நல்ல இரண்டைப் பின்னால் போடுங்கள் என்று டயர் நிறுவனங்கள் சொல்வது இதனால்தான். என் வண்டியில் நல்ல இரண்டும் முன்னால் இருந்தன. பின்னால் என் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

வேளச்சேரியில் நான் அலைன்மென்ட் பார்க்கும் பட்டறைக்குப் போனேன். அங்கிருக்கும் பெரியவர் வண்டியை மேலே ஏற்றக்கூட இல்லை. பின்சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து விரலால் தடவிக் காட்டினார். "தம்பி, இதைப் படித்துப் பாருங்கள்." வெளியே தெரியும் பக்கத்தில் 'இன்சைடு' என்று ரப்பரிலேயே வார்த்திருந்தது. மறுபக்கம் போனோம், அதிலும் அப்படியே. இந்த வகை டயரின் பட்டன் அமைப்பு இரு பாதியிலும் ஒன்றுபோல் இருக்காது. வெளிப்பாதியில் பெரிய, கெட்டியான கட்டிகள் இருக்கும். வளைவில் எடை முழுதும் சாய்வது அவற்றின் மேல்தான். உள்பாதியில் தண்ணீரை வெளியேற்ற வாய்க்கால்கள் அதிகம் இருக்கும். திருப்பி மாட்டினால் இரண்டு வேலையும் கெடும்.

"ஏன் திருப்பியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்" என்று சொல்லிச் சக்கரத்தைக் கழற்றினார். முழு டிஓடி எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். மறுபக்கத்தில் பெரும்பாலும் தொடக்க எழுத்துகளோடு நின்றுவிடும், தேதி இருக்காது. தேதி இருந்த பக்கம் இரண்டு டயரிலும் உள்ளே, பிரேக்கைப் பார்த்தபடி மறைந்திருந்தது. 1220. 2020-ஆம் ஆண்டு, பன்னிரண்டாவது வாரம், மார்ச் மாதம்.

ஓடாத டயர் எப்படிப் பழசாகும் என்று கேட்கிறவர்கள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரோடு ஓயாமல் வினைபுரிந்துகொண்டே இருக்கின்றன. வெப்பம் கூடக் கூட அந்த வினை வேகமாகிறது. இதைத் தாமதப்படுத்தத்தான் கலவையில் தடுப்புப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். குளிர்ச்சியான, இருட்டான இடத்தில் வைத்தால் சில ஆண்டுகள் பெரிய குறையின்றித் தாங்கும். ஆனால் சென்னையில் தகரக் கூரை போட்ட கிடங்கு மே மாதத்தில் என்ன வெப்பத்தில் இருக்கும்? வெயிலில் போட்டுவைத்த ரப்பர் செருப்பு விறைத்துப்போவது போலத்தான் இதுவும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்குப் போய்வரும் நண்பர் ஒருவரிடம் ரப்பரின் கடினத்தை அளக்கும் டியூரோமீட்டர் இருந்தது. நிழலில் நிறுத்தி, டயர் ஆறிய பிறகு அளந்தோம். எண் கூடினால் ரப்பர் கடினம் என்று பொருள். முன் டயர்கள் 66 காட்டின. பின் டயர்கள் 78. ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே விலை.

கடைக்காரரிடம் போனேன். அவர் சொன்னதை நியாயமாக எழுதிவிடுகிறேன். "டயருக்குக் காலாவதித் தேதி கிடையாது சார். ஓடாத டயர் புது டயர்தான்." காலாவதித் தேதி அச்சிடப்படுவதில்லை என்பது சரி. மிஷெலின் நிறுவனமே, பயன்பாட்டுக்கு வந்து ஐந்து ஆண்டு ஆனபின் ஆண்டுதோறும் சோதியுங்கள், தயாரித்துப் பத்து ஆண்டு ஆனால் மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்கிறது. அதன்படி 2020 டயரை விற்பது குற்றம் ஆகாது. அதை 2020 டயர் என்று சொல்லி, அதற்குரிய விலையில் விற்றிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். 2025 டயரைக் காட்டிவிட்டு 2020 டயரை மாட்டியது ஏமாற்று. திருப்பி மாட்டியது பற்றிக் கேட்டபோது, "புதுப் பையன் தெரியாமல் செய்துவிட்டான்" என்றார். தெரியாமல் செய்தவன் புதிய இரண்டையும் சரியாக மாட்டி, பழைய இரண்டை மட்டும், இரண்டிலும் தேதி மறையும்படி எப்படித் திருப்பினான்? அதற்குப் பதில் இல்லை. சரியாகத் திருப்பி மாட்டித் தருகிறேன், டயரில் நைட்ரஜன் அடிப்பது இலவசம் என்றார். பணம் திரும்ப வேண்டும் என்றதும், "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைப் பில்லின் அடியில் காட்டினார்.

அந்த வரிக்கு யாரும் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தராததும் அதே பட்டியலில் இருக்கிறது. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பதிந்தேன், பிறகு மாவட்ட ஆணையத்தில். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு.

எனக்குக் கோபம் வருவது பணத்துக்காக மட்டும் இல்லை. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் வளர்ந்த ஊர் இது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் டயர் ஆலைகள் ஓடுகின்றன. புதுச் சரக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நகரத்தில், பழையதை ஒளித்து ஒரு குடும்பத்தின் பின்சக்கரத்தில் மாட்ட ஒருவருக்கு மனம் வருகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு: டயர் ரிம்மில் ஏறுவதற்கு முன் நான்கின் டிஓடி எண்ணையும் நீங்களே படித்துப் படம் எடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இறக்குமதி டயருக்கும் அது வேண்டும். மாட்டும் இடத்தில் நிற்க விடாத கடையில் மாட்டாதீர்கள், இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. பில்லில் மாடல், அளவு, எடை மற்றும் வேகக் குறியீடு, தயாரிப்பு வாரம் எல்லாம் வர வேண்டும். கணினி ஏற்காவிட்டால் கையால் எழுதி முத்திரை போடச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதையும் சரிபாருங்கள். வேறொரு கடையில் பின்சக்கரங்களுக்கு இரண்டு டயர் இப்படித்தான் வாங்கினேன். அங்கே நான் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். 'இன்சைடு', 'அவுட்சைடு' என்று எழுதிய வகை டயரானால், வெளிப்பக்கம் 'அவுட்சைடு' என்றிருக்க வேண்டும். நான்கு இலக்கத் தேதி வெளியே தெரியாவிட்டால், முன்சக்கரமானால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிவிட்டு, பின்சக்கரமானால் கைபேசியை உள்ளே நீட்டி, உள்பக்கத்தைப் படம் எடுங்கள். ஏதேனும் மாறியிருந்தால், வண்டியின் பதிவு எண்ணும் சக்கரமும் சேர்ந்து தெரியும் படம் எடுத்த பிறகே யாரையும் கழற்ற விடுங்கள். கழற்றிய டயர்களைக் கடையில் விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். என்னுடைய இரண்டும் இப்போது ஆணையத்துக்குக் காட்டுவதற்காக வீட்டில் இருக்கின்றன.