சூடானால் மட்டும் அடம்: கோவையில் ஒரு பழைய பென்ஸோடு மூன்று வாரம்

இந்த முறை லீவு மூன்று வாரம். ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து போக மீதி நாளெல்லாம் ஒர்க்‌ஷாப் வாசல்களில் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். காரணம் பெரியப்பாவின் பென்ஸ் 230இ. 1983 மாடல், டபிள்யூ 123 வகை. சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தது. அவர் போனபின் நாலு வருஷம் ஷெட்டிலேயே கிடந்தது. ‘ஓட வெச்சுட்டுப் போ கண்ணு, இல்லாட்டி இரும்புக் கடைக்குத்தான்’ என்றார் பெரியம்மா. ஜெர்மனியில் இருக்கிற பையன் என்றால் ஜெர்மன் காரும் தெரியும் என்பது அவர் கணக்கு. நான் அங்கே பார்ப்பது ஆஸ்பத்திரிக் கணக்கு வேலை.

காலையில் சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே வண்டி பிடித்துவிடும். ஓட்டி, நிறுத்தி, இருபது நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். மேட்டில் அழுத்தினால் திக்கித் திணறும்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பின் பெயர் வேண்டாம். பிளக், பேட்டரி, கடைசியில் பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஐந்து நாள், 38,000 ரூபாய். எதையும் அளந்து பார்க்கவில்லை. புதுப் பம்ப் வந்ததும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஊளைச் சத்தம் வேறு சேர்ந்துகொண்டது. ‘இன்ஜெக்‌ஷனைத் தூக்கிட்டு கார்புரேட்டர் போட்டுடலாங்க, தொல்லை விட்டுது’ என்றார் மேற்பார்வைக்காரர். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்தது ஏசி போட்ட பெரிய சர்வீஸ் சென்டர். ஸ்கேனரோடு வந்த பையன் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிவிட்டு, ‘சார், இதுல சொருக இடமே இல்லையே’ என்றான். இருக்காது. இந்த வண்டியில் பெட்ரோலைத் தெளிப்பது பாஷின் கே-ஜெட்ரானிக் என்ற பழைய இன்ஜெக்‌ஷன் முறை. முழுக்க மெக்கானிக்கல். உள்ளே போகும் காற்று ஒரு தட்டைத் தூக்கும், தட்டு ஒரு பிளஞ்சரை, அதாவது சின்னத் தண்டை, தள்ளும், அதற்கேற்ற பெட்ரோல் நாலு இன்ஜெக்டருக்கும் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரிடம் கேட்க அதில் ஒன்றுமில்லை. அந்தப் பையன் தெரியாததைத் தெரியாது என்று சொன்னான், காசும் வாங்கவில்லை. அது பிடித்தது.

மூன்றாவதாக மச்சான் கூட்டிப்போனது கணபதியில் லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. டீசல் பம்ப் வேலை பார்க்கும் பெரியவர், எழுபதை நெருங்கும் வயசு. பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. ‘எப்பங்க தம்பி பிடிக்க மாட்டேங்குது, சூட்டுலயா பச்சத் தண்ணியா இருக்கையிலயா?’ என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் ஒரு பிரஷர் கேஜ் எடுத்து வந்தார். ஏதோ சாயப்பட்டறையிலிருந்து வந்தது, டயலில் பத்து கிலோ வரை. அதோடு பக்கத்து லேத்தில் கடைந்த பித்தளை இணைப்பும் ஒரு சின்ன வால்வும்.

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ப்யூயல் டிஸ்ட்ரிபியூட்டருக்கும், இன்ஜின் சூட்டுக்கேற்ப பெட்ரோல் அளவை மாற்றும் வார்ம்-அப் ரெகுலேட்டருக்கும் நடுவில் அதை மாட்டினார். வால்வை மூடினால் பம்ப் தரும் முழு அழுத்தம், அதாவது சிஸ்டம் பிரஷர்: ஐந்தைத் தாண்டி முள் நின்றது. திறந்தால் பிளஞ்சரை மேலிருந்து அழுத்தும் கன்ட்ரோல் பிரஷர்: இன்ஜின் சூடாக இருந்தபோது மூன்றரைக்குச் சற்று மேலே. ‘இது ரெண்டும் குறையில்லீங்க.’ பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு டீ சொன்னார். அரை மணி நேரமானாலும் முள் இரண்டரைக்குக் கீழே இறங்காமல் நிற்க வேண்டும். எங்கள் டீ வருவதற்குள் பூஜ்ஜியத்தில் படுத்துவிட்டது.

அவர் சொன்ன விளக்கம் குக்கர். மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே தண்ணீர் நூறு டிகிரியிலும் கொதிக்காது. அழுத்தம் இருக்கும்வரை குழாயில் பெட்ரோலும் அப்படித்தான். அழுத்தம் போனால் சூடான இன்ஜின் மேலேயே அது ஆவியாகிவிடும். அப்புறம் ஸ்டார்ட்டர் சுற்றி என்ன பயன்?

அழுத்தம் எங்கே ஒழுகுகிறது? பெட்ரோல் பின்னால் திரும்பாமல் தடுக்க பம்புக்குள் இருக்கும் செக் வால்வு புதுசு. வண்டிக்கு அடியில் படுத்து, பம்புக்குப் பக்கத்தில் இருக்கும் அக்குமுலேட்டரின் (இன்ஜினை அணைத்த பிறகும் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் டப்பா) பின்பக்கச் சிறு ஹோஸைக் கழற்றினார். அதில் சொட்டு பெட்ரோல் வரக்கூடாது. அவர் உள்ளங்கையில் நிறைந்து வழிந்தது. உள்ளே ரப்பர் ஜவ்வு கிழிந்திருக்கிறது. கண்டுபிடிக்க ஆன நேரம், டீயோடு சேர்த்து ஐம்பது நிமிஷம்.

மேட்டுத் திணறல் தனி விவகாரம். டேங்குக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி அளவு ஜாடியில் விட்டு, ரிலேயை ஒயரால் இணைத்து பம்பை ஓட்டினார். நாற்பது நொடியில் ஒரு லிட்டராவது வந்திருக்க வேண்டும், அரை லிட்டர்கூடத் தேறவில்லை. ஊளையின் காரணமும் இதுதான்: பம்புக்கு உறிஞ்ச பெட்ரோல் இல்லை. டேங்கின் அடியில் இருக்கும் வடிகட்டியைத் திருக 46 எம்எம் சாக்கெட் வேண்டும். அது லாரிப் பட்டறையிலிருந்து கடன் வந்தது. வடிகட்டியில் காப்பிக் கசடு மாதிரித் துரு.

‘பெட்ரோலே முந்தி மாதிரி இல்லீங்களே’ என்றவர், நான் அன்றைக்குத்தான் போட்ட பெட்ரோலில் நூறு மில்லியை அளவு ஜாடியில் எடுத்து, பத்து மில்லி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தார். சற்று நேரத்தில் அடியில் நின்ற தண்ணீர் முப்பதுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீதக் கலப்பு 2025-லேயே வந்துவிட்டது. கொள்கையைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. ஆனால் நின்றுகொண்டே இருக்கும் இரும்பு டேங்குக்கு ஈரத்தை இழுக்கும் பெட்ரோல் ஆகாது, 1983-ன் ரப்பர் ஹோஸும் அதற்காகச் செய்ததல்ல. டேங்கை இறக்கிக் கழுவி, ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன்.

அக்குமுலேட்டருக்குச் சென்னை ஜி.பி. ரோட்டில் சொல்லிவைத்தோம். ராத்திரி ஆம்னி பஸ் பார்சலில் போட்டார்கள், காலை ஆறு மணிக்கு காந்திபுரத்தில் என் கையில். ஜெர்மனியில் இதே பாகத்துக்கு ஆன்லைனில் மூன்று நாள் காட்டியது என்று மச்சானிடம் சொன்னேன். அதற்கப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இன்ஜெக்டர்களைப் பார்க்க அவர் எடுத்தது நாலு காலி பன்னீர் சோடா பாட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு இன்ஜெக்டர், காற்றுத் தட்டைக் கையால் தூக்கினால் நாலிலும் ஒரே உயரத்துக்கு நிரம்ப வேண்டும். மூன்று புகையாகத் தெளித்தன, ஒன்று மட்டும் நூல் மாதிரிப் பீய்ச்சியது. அதையும் மாற்றினோம்.

மிச்சமிருந்தது காற்றும் பெட்ரோலும் சேரும் கலவை. 3 எம்எம் ஆலன் கீ போட்டுத் திருகும் ஒரே ஒரு ஸ்க்ரூ. முதல் ஒர்க்‌ஷாப்பில் யாரோ அதில் கைவைத்திருந்தார்கள், வண்டி கரும்புகை கக்கியது. காலால் ஆக்ஸிலேட்டரை மிதித்து, காதால் கேட்டுத் திருகுவார் என்று நினைத்தேன். இல்லை. வண்டியைப் புகைச் சோதனை மையத்துக்கு ஓட்டிப்போய், சைலன்சரில் அவர்கள் குழாயைச் சொருகச் சொல்லி, திரையில் கார்பன் மோனாக்ஸைடு எண்ணைப் பார்த்துப் பார்த்து, ஒன்றரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சர்டிபிகேட்டும் கையோடு வந்தது.

கூலியாக அவர் கேட்டது 4,500 ரூபாய், அதற்கு மேல் கொடுத்ததை வாங்கவில்லை. குறை என்று பார்த்தால், தேதி சொன்னால் அதற்கு இரண்டு நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும். போனை எடுக்கவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரையும் ஏற்றிக்கொண்டு ஆழியாரிலிருந்து வால்பாறை மலைப்பாதையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுவரை ஏறினோம். திணறல் இல்லை. மேலே அரை மணி நேரம் நிறுத்திவைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்று. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து துளி எம்-சீலை எடுத்துப் பிசைந்து, அந்த 3 எம்எம் ஓட்டையை அடைத்தார். ‘இனி எவனும் திருக முடியாதுங்க.’