640 டாலர் போச்சு: கார்வெட் சி5 ஏபிஎஸ் மாட்யூலை ரிப்பேருக்கு அனுப்பும் முன் படியுங்கள்

640 டாலர். கார்வெட் சி5 ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும் பழையது ஒன்று வாங்கலாம் என்று நினைப்பவர்களும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். கார் எலெக்ட்ரானிக்ஸைப் பார்சலில் வாங்கி ரிப்பேர் செய்து திருப்பி அனுப்புவதாகச் சொல்லும் ஒரு கடை, உதிரி பாகங்கள் விற்கும் ஒரு ஆன்லைன் தளம் வழியாக 640 டாலரை வாங்கிக்கொண்டு, ஏபிஎஸ் மாட்யூலை, அதாவது பிரேக்கைக் கட்டுப்படுத்தும் எலெக்ட்ரானிக் பெட்டியை, திறக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறது. பெயர் போடவில்லை. ஆனால் ஏமாற்றிய விதம் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

வண்டி 1999 மாடல். டிராக்‌ஷன், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுப்பது), ஆக்டிவ் ஹேண்ட்லிங் (வண்டி சறுக்காமல் தடுப்பது) மூன்றுக்கும் சர்வீஸ் எச்சரிக்கை ஒரே நேரத்தில் வந்தது. இந்த வண்டியில் கோடு (பிழைக் குறியீடு) பார்க்க ஸ்கேனர் தேவையில்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலையில் வையுங்கள். ரீசெட் பட்டனை அழுத்தித் திரையில் உள்ள செய்திகளை நீக்குங்கள். பிறகு ஆப்ஷன்ஸ் பட்டனைப் பிடித்தபடியே ஃபியூயல் பட்டனை 10 வினாடிக்குள் 4 முறை தட்டினால் எல்லா மாட்யூல்களின் கோடுகளும் வரிசையாக ஓடும். நமக்கு வேண்டியது '28 டிசிஎஸ்', இந்த மாட்யூலின் கோடுகள் வரும் இடம். கோடுக்குப் பின்னால் எச் என்று வந்தால் பழைய பதிவு, சி என்று வந்தால் பிழை இப்போதும் இருக்கிறது. வந்தது சி1214, பின்னால் சி.

சி1214 என்றால் சோலினாய்டு ரிலே சர்க்யூட், அதாவது பிரேக் வால்வுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சின் சர்க்யூட். டிராக்‌ஷன் கண்ட்ரோல் பின்சக்கரம் வழுக்கும்போது இன்ஜினின் இழுவிசையைக் குறைக்கிறது, வழுக்கும் சக்கரத்துக்கு பிரேக்கும் போடுகிறது. அந்த பிரேக் வால்வுகளுக்குக் கரண்ட் போவது மாட்யூலுக்குள் இருக்கும் ஒரு ரிலே வழியாக. இருபது வருடத்துக்கு மேல் சூட்டிலும் அதிர்விலும் இருந்த சால்டர் (பற்றாசு), ரிலேயின் கால்களைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் விடும். கரண்ட் நின்றதும் மாட்யூல் மூன்று வசதிகளையும் சேர்த்தே நிறுத்திவிடும். புதிய மாட்யூல் கம்பெனியில் கிடைப்பதில்லை. அதனால்தான் இந்த ரிப்பேர் கடைகளுக்கு இவ்வளவு கிராக்கி.

நம்ப வைத்ததும் இந்த விவரம்தான். போனில் பேசியவர் ரிலே கால், சால்டர் விரிசல் எல்லாவற்றையும் அவராகவே சொன்னார். கேட்காமலே சொன்னார்! 1997–2000 மாட்யூலும் 2001–2004 மாட்யூலும் ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது, ஆக்டிவ் ஹேண்ட்லிங் உள்ள வண்டிக்கு அதற்கான மாட்யூல்தான் வேண்டும் என்பதையும் சரியாகச் சொன்னார். திறந்த போர்டுகளின் படங்கள் அனுப்பினார். டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவோம், ஆயுள் முழுக்க வாரண்டி என்றார். விஷயம் தெரிந்தவர் பேசுகிறார் என்றால் யாருக்கும் நம்பிக்கை வரும். தெரிந்தவனாலும் ஏமாற்ற முடியும் என்பது 640 டாலருக்குப் பிறகுதான் உறைக்கிறது.

மாட்யூலை அனுப்பும் முன் அதன் மூடி சேரும் இடத்தில் குறுக்காக நெயில் பாலிஷ் கோடு ஒன்று போடப்பட்டிருந்தது. திரும்பி வந்தபோது அந்தக் கோடு ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. மேலே 'ரிப்பேர் செய்யப்பட்டது' என்று பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். மாட்டிப் பார்த்தால் அதே சி1214.

அதன் பிறகு ஆரம்பித்தன சாக்குகள். முதலில், பேட்டரி வீக்காக இருக்கும் என்றார்கள். நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14.2. இதில் வீக் எங்கே? அடுத்தது சக்கர சென்சார். சி5-இல் சென்சார் ஹப் பேரிங்குக்குள்ளேயே இருக்கிறது, பேரிங் ஆட ஆரம்பித்தால் சிக்னல் கெடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பழுது சி1221 முதல் சி1228 வரை, அல்லது சி1232 முதல் சி1235 வரை உள்ள கோடுகளில் வரும், சி1214-ஆக வராது. ஆனாலும் நான்கு சக்கரங்களும் சோதிக்கப்பட்டன. கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைத்தால் ஒவ்வொன்றும் சுமார் 1000 ஓம். சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஏசி மில்லிவோல்ட் ஒழுங்காக ஏறுகிறது. தூக்கி நிறுத்தி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமே இல்லை. இந்த அளவுகளை எழுதி அனுப்பியதும் டயர் அளவு தப்பு என்று பதில்! முன்னால் 245/45 17, பின்னால் 275/40 18. கம்பெனி போட்டுக் கொடுத்த அளவு. பின் டயர் சுமார் 25 மில்லிமீட்டர் பெரிதாக இருப்பதைக் கணக்கில் வைத்துத்தான் இந்த மாட்யூலே வேலை செய்கிறது. நான்கையும் ஒரே விட்டத்தில் மாட்டினால் டிராக்‌ஷன் தேவையில்லாமல் குறுக்கிடும், அது வேறு தொல்லை. அதற்கும் ரிலேவுக்கும் என்ன சம்பந்தம்?

கடைசியாக வந்த பதில்தான் தாங்க முடியவில்லை. டிராக்‌ஷன் ஆஃப் பட்டனை அழுத்திவிட்டு ஓட்டுங்கள், பலர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றார்கள். அந்த பட்டன் நல்ல நிலையில் உள்ள டிராக்‌ஷனை நிறுத்துவதற்கு. சி1214 இருக்கும்போது ஏபிஎஸ்ஸும் கிடையாது. 345 குதிரைத்திறன் முழுவதும் பின்சக்கரத்துக்குப் போகும் வண்டியில், மழை நாளில் பிரேக்கை பலமாக அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டே ஒரு கடைக்காரர் சொல்கிறார்!

தளத்தில் புகார் செய்தால், திருப்பி அனுப்புவதற்கான 30 நாள் முடிந்துவிட்டது என்கிறார்கள். எப்படி முடிந்தது? வரிசையில் இருக்கிறது, ரிலே வரவேண்டும் என்று கடை இழுத்தடித்தே அந்த நாட்களைத் தாண்ட வைத்தது. கார்டு கம்பெனியிடம் போனால், பார்சல் உங்களிடம் சேர்ந்ததற்குக் கடை டிராக்கிங் எண் காட்டியிருக்கிறது என்று 640 டாலரையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். மாட்யூல் வேலை செய்கிறதா என்பதை யாருமே கேட்கவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் வரவில்லை. அவசரமாகச் சில மட்டும். கோடு பார்க்காமல் மாட்யூலைக் கழற்றாதீர்கள். கழற்றும் முன் கனெக்டரையும் எர்த் இணைப்பையும் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். மாட்யூலை ஹைட்ராலிக் பகுதியிலிருந்து தனியாகப் பிரிக்கலாம், பிரேக் குழாயைத் தொடத் தேவையில்லை. குழாயையும் கழற்றச் சொல்கிற கடை என்றால் விட்டுவிடுங்கள். மூடியில் குறி போட்டு, சீரியல் எண்ணோடு படம் எடுங்கள். திறந்த உங்கள் போர்டின் படத்தை, அந்தக் குறி தெரிகிற மாதிரி, கேட்டு வாங்குங்கள். பொதுவான படம் காட்டினால் நம்பாதீர்கள். 30 நாள் நெருங்கினால் 'வரிசை' என்ற பேச்சைக் கேட்காமல் அன்றைக்கே தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அமெரிக்காவில் கார்டு பில்லில் தகராறு என்றால், பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் எழுத்தில் போக வேண்டும், போனில் சொன்னால் போதாது.