பழைய காரின் வயரிங்: பீப் சத்தத்தை நம்பலாமா, ஈயம் வைக்கலாமா?

ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மங்கலாக எரிந்தது. பல்பை மாற்றினேன், மங்கல் போகவில்லை. மல்டிமீட்டரைக் கண்டின்யூட்டியில் (ஒயர் அறுந்திருக்கிறதா என்று பீப் சத்தத்தால் சொல்லும் நிலை) வைத்து ஒயரின் இரு முனைகளையும் தொட்டால் 'பீப்' என்று பளிச்சென்று சத்தம். ஒயரில் குறையில்லை என்று முடிவுகட்டி, ஒரு நாள் முழுக்க சுவிட்சையும் ரிலேயையும் கழற்றிப் பார்த்தேன்.

அந்தச் சத்தத்தை நம்பக்கூடாது. அப்போது மீட்டர் ஒயருக்குள் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் அது தாராளமாகப் போய்விடும். 55 வாட் பல்புக்கோ சுமார் நாலரை ஆம்பியர் வேண்டும். ஒயர் முழுசாக அறுந்திருக்கிறதா என்று பார்க்க மட்டுமே பீப் உதவும்.

இதற்கு மாற்று, விளக்கை எரியவிட்டபடியே மின்னழுத்த இழப்பை அளப்பது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை பல்பின் பிளஸ் பின்னிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. எனக்கு 2.4 காட்டியது. எர்த் பக்கத்தையும், அதாவது பல்பின் மைனஸ் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையிலும், இதேபோல் பாருங்கள், அங்கே 0.1, 0.2-க்கு மேல் போகக்கூடாது. கனெக்டர் கனெக்டராக முனையை நகர்த்திக்கொண்டே வந்தால் இழப்பு எந்த இடத்தில் குதிக்கிறது என்று தெரிந்துவிடும். பேட்டரித் தட்டுக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் என் ஒயர் மாட்டியது. தோலைக் கீறினால் உள்ளே செம்பு பச்சைப் பொடியாகியிருந்தது. முழுசாக இருந்தவை இரண்டே இழைகள்.

ஒயரில் மின்சாரம் வருகிறதா என்று எரிந்து காட்டும் டெஸ்ட் லாம்ப் வேகமானதுதான். ஆனால் பல்பு வைத்த டெஸ்ட் லாம்பை இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒயரிலும், பெரும்பாலும் மஞ்சள் உறை போட்டிருக்கும் ஏர்பேக் ஒயரிலும் வைக்கவே வைக்காதீர்கள்.

இனி இணைப்பு. முறுக்கி டேப் சுற்றுவதை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இன்ஜின் சூட்டில் பசை இளகி டேப் பிரிந்துவிடும். ஈயமா, கிரிம்பா (உலோக ஸ்லீவுக்குள் ஒயர்களைச் செருகி நசுக்கி இணைப்பது) என்பதுதான் கேள்வி. ஈயம் வைத்த இணைப்பில் மின்சாரம் நன்றாகவே போகும். சிக்கல் வேறு இடத்தில்: உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒயரைக் குச்சிபோல் விறைப்பாக்கிவிடும். அந்த விறைப்பு முடியும் இடத்தில், இன்ஜின் அதிர அதிர இழைகள் ஒடியும். அதனால் டேஷ்போர்டுக்குள், ஆடாத இடத்தில் ஈயம் சரி. அப்போதும் ஈயம் ஒட்டப் பூசும் ஃப்ளக்ஸில் ஆசிட் வகை வேண்டாம், ரோசின் வகை போதும். இன்ஜின் அறையில் என் ஓட்டு கிரிம்புக்கே. ஒயர் தடிமனுக்கு ஏற்ற ஸ்லீவ், ராட்செட் (முழுசாக அழுத்தும்வரை விடாத பூட்டு) உள்ள கிரிம்பிங் கருவி, மேலே உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடுபட்டால் சுருங்கும் குழாய்). சுருங்கும்போது இரு ஓரத்திலும் பசை சற்றே பிதுங்கி வரவேண்டும். வந்தால்தான் ஈரம் நுழையாது. பச்சை பிடித்த பகுதியைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் இதெல்லாம். நான் அப்படிச் செய்து மறுபடி அளந்தபோது இழப்பு 0.3.

ஹார்னஸையே (காரின் ஒயர்க் கட்டு) மாற்றலாமா? ஒயரை மெதுவாக வளைத்துப் பாருங்கள். தோல் வெடித்து உதிர்ந்தால் ஒட்டுப்போடுவது வீண். அந்தக் கிளையை முழுசாக மாற்றுங்கள். அப்போதும் பழைய கனெக்டரைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய கார்களுக்குக் கனெக்டர் கிடைப்பதே அரிது. உள்ளிருக்கும் பின்னைக் கழற்றிப் புது ஒயருக்குப் புதுப் பின் போட்டு அதிலேயே செருகிக்கொள்ளலாம்.