படகில் டேப்லெட் வழிகாட்டி: ஆறு ஆண்டுகளும் மூன்று செயலிகளும்

எட்டு மீட்டர் நீளமும், நீருக்குள் 1.4 மீட்டர் அமிழும் அடிப்பகுதியும் கொண்ட சிறிய பாய்மரப் படகு ஒன்றை ஆறு ஆண்டுகளாக ஓய்வு நாட்களில் ஓட்டி வருகிறேன். படகோடு வந்த பழைய சார்ட்பிளாட்டர் (படகின் இடத்தைக் கடல் வரைபடத்தில் காட்டும் கருவி) முதல் ஆண்டிலேயே கண்ணை மூடிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கும் செலவை எண்ணித் தயங்கி, வீட்டில் இருந்த டேப்லெட்டில் ஒரு கடல்வழிச் செயலியை ஏற்றிக்கொண்டேன். தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியது அப்படியே நிலைத்துவிட்டது. இதற்குள் மூன்று கட்டணச் செயலிகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது ஒரு பருவம் முழுவதும், பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். அவற்றின் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. ஆண்டுக்கொரு முறை முகத்தை மாற்றிக்கொள்ளும் பொருள்கள் அவை. நான் பட்ட குறை இன்று திருத்தப்பட்டிருக்கலாம், நான் மெச்சிய வசதி நீக்கப்பட்டும் இருக்கலாம். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்பது மட்டும் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. கரையில் நாற்காலியில் அமர்ந்து ஒப்பிடும்போது எல்லாச் செயலிகளும் நன்றாகவே இருக்கின்றன. கை நனைந்து, இணையம் போய், திரை சூடேறி, முன்னால் ஆழம் குறைந்துகொண்டே வரும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வேறுபாடு தெரிகிறது.

செயலிக்கு முன் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் தொல்லைகளில் பாதி அங்கேதான் தொடங்கின. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. சிம் வசதியுள்ள வகையில்தான் உண்டு. சிம் போடாவிட்டாலும் அந்த ஜிபிஎஸ் வேலை செய்யும். இது தெரியாமல் வைஃபை வகையோடு கிளம்பி, படகுத்துறையில் இருப்பிடத்தைச் சரியாகக் காட்டிய செயலி, கரை மறைந்ததும் ஏன் அசையாமல் நிற்கிறது என்று ஒரு பகல் முழுவதும் குழம்பியவன் நான். அதன் பிறகு, புளூடூத்தில் இணையும் தனி ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கிச் சமாளித்தேன். அடுத்த சங்கடம் வெப்பம். பல டேப்லெட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் சுற்றுப்புற வெப்ப எல்லை 35 டிகிரி செல்சியஸ்தான். கறுப்பு உறை, முழு வெளிச்சம், ஒருபுறம் சார்ஜ் ஏறுதல், மேலே நேர் வெயில் என எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லை வெகு விரைவில் வந்துவிடும். ஒருமுறை இரண்டு மணல் திட்டுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது திரை கறுத்து, நடுவில் ஒரு வெப்பமானிப் படம் மட்டும் தெரிந்தது. டேப்லெட்டைக் கீழே அறைக்குள் கொடுத்து, ஈரத்துணியில் சுற்றச் சொல்லிவிட்டு, ஆழமானியைப் பார்த்தபடி நடை வேகத்தில் கடந்தேன். இப்போது அது வெளிர் நிற உறையில், சுக்கானுக்கு முன்னால் நிழலில் இருக்கிறது. அப்படியும் வெயிலில் படிப்பது சிரமம்தான். படகுக்கென்றே செய்யப்படும் திரைகள் 1000 நிட் ஒளியைத் தாண்டும். என்னுடையது 500 நிட். போலரைஸ்டு கண்ணாடி அணிந்துகொண்டு டேப்லெட்டைத் திருப்பினால், ஒரு கோணத்தில் திரை முழுவதும் இருண்டுவிடும் என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இனி வரைபடம். கடல் வரைபடங்கள் இரண்டு வகை. ராஸ்டர் என்பது காகித வரைபடத்தின் அப்படியே எடுத்த படம். பெரிதாக்கினால் எழுத்தும் கோடும் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தோன்றாது. வெக்டர் என்பது பாறை, மிதவை, ஆழக்கோடு என ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருளாகப் பதியப்பட்ட தரவுத் தொகுப்பு. எந்த அளவில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று மென்பொருளே முடிவு செய்கிறது. எதிர்காலம் வெக்டருக்குத்தான். அமெரிக்காவின் கடல் வரைபடங்களை வெளியிடும் நோவா அமைப்பு ராஸ்டர் வரைபடங்களைப் படிப்படியாக நிறுத்தி, 2025 தொடக்கத்துக்குள் அந்த வேலையை முடித்தேவிட்டது. ஆனால் மறைக்கும் உரிமையை மென்பொருளிடம் கொடுப்பதில் உள்ள ஆபத்தை அறிய ஓர் எடுத்துக்காட்டே போதும். 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் வோல்வோ பாய்மரப் போட்டியில் ஓடிக்கொண்டிருந்த டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரிஷியசுக்கு வடகிழக்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் இரவில் மோதியது. கப்பலோட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், போதிய கருவிகளோடு சென்றவர்கள். பெரும் பரப்பு தெரியும்படி சிறிதாக்கிப் பார்த்த அளவில் அவர்களுடைய மின்னணு வரைபடம் அந்தத் திட்டை அதற்குரிய ஆபத்தோடு காட்டவில்லை. உள்ளே பெரிதாக்கிப் பார்க்கத் தவறிவிட்டார்கள். ஒன்பது பேரும் உயிர் தப்பியது பெரும்பேறு.

அந்தச் செய்தியைப் படித்த பிறகு, எந்தச் செயலியை ஏற்றினாலும் நான் முதலில் செய்யும் சோதனை ஒன்று உண்டு. எனக்கு நன்றாகத் தெரிந்த, நீருக்குள் 1.2 மீட்டரில் தலை மறைத்துக் கிடக்கும் ஒரு பாறையைத் திரையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக வரைபடத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போவேன். முதல் செயலியில் இரண்டாவது படியிலேயே பாறைக் குறி காணாமல் போனது. அதன் இடத்தில் தெளிந்த வெள்ளை நீர். இரண்டாவதில் குறி நான்கு படிகள் தாக்குப்பிடித்தது. மூன்றாவது செயலியிலும் குறி மறைந்ததுதான். ஆனால் திரையின் மூலையில், ‘இந்த அளவில் விவரங்கள் விடுபட்டுள்ளன’ என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை எழுந்தது. அதோடு, தரவு தாங்கும் அளவைத் தாண்டிப் பெரிதாக்கியபோது, திரையில் கோடுகள் விழுந்து அதையும் சொன்னது. மற்ற இரண்டும் இவ்விஷயத்தில் வாய் திறக்கவே இல்லை. பார்க்க அழகில் கடைசி இடம் மூன்றாவதுக்குத்தான். பொத்தான்கள் கணக்காளர் மேசையை நினைவூட்டும். இருந்தும் அன்றே அதன் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

பெரிதாக்குவதில் இன்னொரு மயக்கமும் இருக்கிறது. திறந்த வெளியில் டேப்லெட் ஜிபிஎஸ் ஏறத்தாழ ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அதனால் திரையில் படகுச் சின்னம் பாறைக்கு இருபது மீட்டர் தள்ளி இருந்தால், உண்மையிலும் இருபது மீட்டர் தள்ளி இருப்பதாக மனம் நம்பிவிடுகிறது. பாறையின் இடம் எப்போது, எதைக் கொண்டு அளக்கப்பட்டது என்பதை அந்தச் சின்னம் சொல்வதில்லை. அதிகாரபூர்வ வெக்டர் வரைபடங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் அளவீட்டுத் தரத்தைக் குறிக்கும் ஒரு வகைப்பாடு உண்டு. அதில் ஏ1 என்றால் இடப் பிழை ஐந்து மீட்டருக்குள்; பி என்றால் 50 மீட்டர்; சி என்றால் 500 மீட்டர். நான் அடிக்கடி நங்கூரமிடும் ஒரு குடாவின் உட்பகுதி சி வகை என்பதை மூன்றாவது செயலியில் அந்த அடுக்கைத் திறந்து பார்த்த நாளில்தான் அறிந்தேன். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி அளந்த காலத்து எண்களின் மேல் நான் மீட்டர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த அடுக்கைக் காட்டாத செயலியை, மற்றபடி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், பழக்கமில்லாத நீரில் நான் இன்று தனியாக நம்ப மாட்டேன். மற்றப் படகோட்டிகளின் ஆழமானிகள் அனுப்பும் அளவுகளைச் சேர்த்து வரையப்படும் நுண்ணிய ஆழப்படங்கள் மணல் நகரும் இடங்களில் உதவுகின்றன என்பது உண்மை. ஆயினும் அந்த அளவுகளை எடுத்தவர் தம் ஆழமானியை நீர்மட்டத்திலிருந்து அளவிடும்படி சரிசெய்திருந்தாரா, ஓதத்தின் ஏற்றம் கழிக்கப்பட்டதா என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அவற்றைக் கேள்விப்பட்ட செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தானே வழி வரைந்து தரும் வசதியைத்தான் விளம்பரங்கள் முதலில் காட்டும். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. படகு அமிழும் ஆழத்தையும் பாதுகாப்பு இடைவெளியையும் கொடுத்தால், செயலி ஒரு கோடு போடுகிறது. காற்றோ அலையோ எதிர்நீரோட்டமோ அந்தக் கோட்டுக்குத் தெரிவதில்லை. ஒரு புதுப்பிப்புக்குப் பின் இரண்டாவது செயலி என் அமைப்புகளைத் தொடக்க நிலைக்கே கொண்டுபோய், அலகை மீட்டரிலிருந்து அடிக்கு மாற்றிவிட்டது. நான் உள்ளிட்ட 1.4 என்ற எண் அப்படியே நிற்க, அரை மீட்டர்கூட அமிழாத படகுக்கான வழியை அது தன் கடமையாக வரைந்து கொடுத்தது. கோடு ஒரு திட்டின் முதுகின் மேல் ஏறிப் போனதைக் கண்டுதான் பிழை புலப்பட்டது. அன்று முதல் துறையை விட்டுக் கிளம்பும் முன் அலகு, அமிழாழம், பாதுகாப்பு ஆழக்கோடு ஆகிய மூன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்க்கிறேன்.

சந்தா விஷயத்தில் எல்லோரும் தொகையைக் கேட்கிறார்கள். முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. சில செயலிகளில் சந்தா தீர்ந்தாலும் இறக்கி வைத்த வரைபடம் கையில் நிற்கும், புதுப்பிப்பு மட்டும் வராது. சிலவற்றில் வரைபடமே பூட்டிக்கொள்ளும். நான்கு நாள் பயணத்தின் மூன்றாம் நாள் காலையில் முதல் செயலி பூட்டிக்கொண்டது. புதுப்பிக்க இணையம் வேண்டும். நான் நின்ற இடத்தில் சிக்னலே இல்லை. கைபேசியில் ஓப்பன்சிபிஎன் என்ற திறமூலக் கடல்வழி மென்பொருளும், நோவாவைப் போலச் சில நாடுகளின் அமைப்புகள் கட்டணமின்றி வழங்கும் வெக்டர் வரைபடங்களின் ஒரு தொகுப்பும் இருந்ததால் திரும்பி வர முடிந்தது. அந்த நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்துக்கு, முன்கூட்டியே புதுப்பிக்குமாறு அறிவுறுத்தும் பதில் இரண்டு வாரம் கழித்து வந்தது. வாங்கும் முன் ஒருநாள் டேப்லெட்டை விமானப் பயன்முறையில் போட்டு, செயலியை மூடித் திறந்து, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் போகும் பகுதி முழுவதும் உண்மையிலேயே இறங்கியிருக்கிறதா என்பது அப்போது தெரியும்.

படகின் கருவிகளோடு இணைப்பது, தொல்லை மிகுந்ததானாலும், செய்யத் தக்கது. ஆழமானி, காற்றளவி, ஏஐஎஸ் (கப்பல்களும் படகுகளும் தம் இடத்தை வானொலியில் அறிவிக்கும் அமைப்பு) ஆகியவை என்எம்இஏ என்ற படகுக் கருவிகளின் பொது வடிவில் தரும் தரவை ஒரு சிறு பெட்டி வைஃபையாக அனுப்ப, செயலி அதை வாங்கிக்கொள்கிறது. இங்கே சிக்கல் ஒன்று: அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்ட டேப்லெட், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வேறு இணைப்புக்குத் தாவிவிடும். மூன்றாவது செயலி உடனே ஆழ எண்ணை அழித்து வெறும் கோடுகளைக் காட்டியது. முதல் செயலியோ கடைசியாக வந்த எண்ணையே நிறுத்தி வைத்திருந்தது, திரையில் 6.8 மீட்டர் என்று நிற்க, படகின் அடியில் அதில் பாதிகூட இல்லை. நிலைத்துப்போன எண்ணைவிட வெற்றிடம் எவ்வளவோ மேல். ஏஐஎஸ் குறித்தும் ஒரு சொல். சிறு படகுகளில் உள்ள சாதாரண பி வகைக் கருவி, ஓட்டத்தில் இருக்கும்போது முப்பது வினாடிக்கு ஒருமுறைதான் தன் இடத்தை அறிவிக்கும். 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் வரும் விசைப்படகு அதற்குள் 300 மீட்டரைக் கடந்துவிடும். இணையம் வழியே வரும் ஏஐஎஸ் இன்னும் பழைய செய்தியாக இருக்கலாம். மோதலைத் தவிர்க்க அதை நான் பார்ப்பதே இல்லை.

நங்கூர எச்சரிக்கைக்காகத் தனிச் செயலி வேண்டியதில்லை, ஆனால் அது எங்கிருந்து அளக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 25 மீட்டர் சங்கிலி விட்டு நின்றால், காற்று முற்றிலும் திரும்பும்போது படகு ஐம்பது மீட்டர்வரை இடம் மாறும். நங்கூரம் விழுந்த புள்ளியை மையமாக வைத்தால் இது இயல்பான ஊசலாட்டம். படகு நின்ற புள்ளியை மையமாக வைத்தால் நள்ளிரவில் பொய் அலறல். இரண்டாவது செயலி பின்னதைத்தான் செய்தது. இரண்டு இரவுகள் அப்படி எழுந்த பின், மூன்றாம் இரவு அதை அணைத்துவிட்டேன். அன்றுதான் நங்கூரம் உண்மையில் இழுபட்டது. அடுத்த படகின் விளக்கு சாளரத்துக்குள் விழுந்த வெளிச்சத்தில் விழித்ததால் பிழைத்தோம்.

இப்போதைய ஏற்பாடு இது: சுக்கானருகே மூன்றாவது செயலி, கைபேசியில் ஓப்பன்சிபிஎன், சந்தா தீரும் தேதி படகின் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில். அதே குறிப்பேட்டில் மணிக்கொரு முறை அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுகிறோம். சென்ற பருவத்தில் திரை இருமுறை அணைந்தது. இரண்டு முறையும் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடர்ந்து ஓட்டினோம். இரண்டாவது செயலியின் சந்தாவை இந்த ஆண்டு நீட்டிக்கவில்லை.