விற்கப்போகும் ஃபிளாட்: காலியாகக் காட்டுவதா, சாமான் போட்டுக் காட்டுவதா?

சென்னையில் பத்துப் பன்னிரண்டு வருடம் பழகிய இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டை விற்கக் கிளம்பினால், ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். புரோக்கர், "பெயிண்ட் மட்டும் அடிச்சுக் கொடுங்க சார், மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்பார். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், அங்கெல்லாம் சோஃபா, விளக்கு, சுவர்ப்படம் வரை வாடகைக்கு எடுத்து வைத்துத்தான் வீட்டைக் காட்டுவார்கள், நீங்களும் ஹோம் ஸ்டேஜிங் செய்யுங்கள் என்பார். எதிர் ஃபிளாட்காரர், மாடுலர் கிச்சன் போட்டால் விலை அஞ்சு லட்சம் ஏறும் என்று அடித்துச் சொல்வார். மூன்று பேருமே ஓரளவு சரிதான். ஆனால் எந்த வீட்டுக்கு, எந்த ஏரியாவில், யார் வாங்க வரும்போது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் ரீசேலில் தண்ணீர் புழங்கும் இடங்களில் போடும் பணம் திரும்பி வரும். சோஃபாவில் போடும் பணம் பெரும்பாலும் வராது. விதிவிலக்குகள் உண்டு, கீழே வருகின்றன. கணக்குக்கு 80 லட்ச ரூபாய் ஃபிளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க உதாரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்நாட்டு ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசியச் சங்கம் 2025இல் வெளியிட்ட ஆய்வில், வாங்குவோர் தரப்பு முகவர்களில் 83 சதவீதம் பேர், அலங்கரித்த வீட்டில் வாங்குபவர் தன்னைப் பொருத்திப் பார்ப்பது சுலபமாகிறது என்று சொல்லியிருந்தார்கள். விலை 1 முதல் 10 சதவீதம் வரை கூடியது என்று சொன்னவர்களோ 29 சதவீதம்தான். இரண்டுமே முகவர்களின் கருத்து. அலங்கரித்த வீட்டையும் அலங்கரிக்காத வீட்டையும் விற்று அளந்து பார்த்த கணக்கு அல்ல. மைத்துனர் முதல் எண்ணை மட்டும்தான் சொல்வார்.

காலி வீடு

பெரிய வசதி, சாவியைக் கொடுத்துவிட்டால் எந்த நேரத்திலும் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் யாருடைய தூக்கத்தையும் கெடுக்க வேண்டாம். சுவர், தரை, ஜன்னல் எதுவும் மறைவாக இல்லை என்பதால் வருகிறவருக்கும் நம்பிக்கை.

ஆனால் சாமான் இல்லாத அறை பெரிதாகத் தெரியும் என்று நாம் நினைப்பது பல நேரம் நடப்பதில்லை. பத்துக்குப் பதினோரு அடி பெட்ரூமில் வந்து நிற்கும் தம்பதியைக் கவனியுங்கள். "கட்டில் போட்டா பீரோவை எங்க வைக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. குவீன் சைஸ் கட்டில் ஐந்தடி அகலம், ஆறரை அடி நீளம். தலைமாட்டைப் பத்தடிச் சுவரை ஒட்டி வைத்தால் இரு பக்கமும் இரண்டரை அடி நடைவழி. கால்மாட்டில் நாலரை அடி மிஞ்சும். எதிர்ச்சுவரில் இரண்டடி ஆழத்துக்கு அலமாரி வைத்தாலும் கதவைத் திறந்து நிற்க இரண்டரை அடி இருக்கிறது. இதை வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கட்டிலுக்கு ஒரு செவ்வகம், அலமாரிக்கு ஒன்று என்று தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். வருகிறவர் கோட்டைத் தாண்டி நடந்து பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். வாடகைக் கட்டில் செய்யும் வேலையில் பாதியை ஒரு சுருள் டேப் செய்துவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் வாடை. பாத்ரூம் தரைச் சல்லடைக்குக் கீழே டிராப் என்ற வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடை மேலே ஏறாமல் தடுக்கிறது. புழங்காத வீட்டில் அது வற்றிவிடும். கதவைத் திறந்ததும் வருகிற நாற்றத்துக்குக் காரணம் பல நேரம் இவ்வளவுதான். வாங்க வந்தவரோ பைப் லைனே போச்சு என்று முடிவு கட்டிவிடுவார். வாரம் ஒரு முறை ஒவ்வொரு சல்லடையிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றி, எல்லாக் குழாய்களையும் ஐந்து நிமிடம் திறந்துவிட வேண்டும். போர் தண்ணீர் என்றால் முதலில் வருகிற கலங்கல் போய்விடும்.

கரண்ட் இணைப்பை எக்காரணம் கொண்டும் துண்டிக்காதீர்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம் என்பதால் பூட்டிய வீட்டுக்குப் பெரிய பில் வராது. எல்லா ஃபேனும் சுற்ற வேண்டும், எல்லா விளக்கும் எரிய வேண்டும். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் நீல வெள்ளை பல்பு காலி வீட்டை ஆஸ்பத்திரி வராந்தா ஆக்கிவிடும். ஹாலுக்கு 4000, படுக்கையறைக்கு 3000 என்று மாற்றினால் போதும்.

இனி முக்கியமான செலவு. ஓதம் காத்த சுவரில் பெயிண்ட் பொரிந்து உப்புப் பூத்திருந்தால், மேலே பட்டி பார்த்து அடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. இது அடுத்த மழையிலேயே காட்டிக்கொடுக்கும். அதைவிட மோசம், மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து கசியும் கறையை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போடுவது. விவரமானவர்கள் பழைய ஃபிளாட்டில் புது ஃபால்ஸ் சீலிங்கைப் பார்த்ததும் கேட்பது, "மேல என்னத்த மறைச்சிருக்காங்க?" என்றுதான். மேல் வீட்டுக்காரரையும் அசோசியேஷனையும் உட்கார வைத்துப் பேசிக் கசிவை அடைப்பது அலுப்பான வேலை. ஆனால் அதுதான் விலையைக் காப்பாற்றும். அப்புறம் உப்புக் கறை படிந்த குழாய்கள், ஹெல்த் ஃபாசெட், கம்மோடு சீட், சிங்க் ஆகியவற்றை மாற்றுங்கள். டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி மறுபடி குரௌட் போடுங்கள். பெயிண்ட்டையும் சேர்த்து இதெல்லாம் ஒன்று, ஒன்றரை லட்சத்தில் முடியக்கூடிய வேலை.

இதற்குத் தோதான மாதம் ஆடி. பத்திரம் போட நினைப்பவர்கள் பொதுவாக அந்த மாதத்தைத் தள்ளிப்போடுவார்கள். ஆவணியில் கிளம்பி வருவார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் சுவரும் நன்றாகக் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் அவசரமாக அடித்த பெயிண்ட் சுவரில் நிற்காது.

குடியிருந்துகொண்டே காட்டுவது

ஆள் இருக்கும் வீட்டில் தண்ணீர் வருகிறது, சமையல் நடக்கிறது, பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்கிறது என்பதெல்லாம் தானாகத் தெரியும். செலவும் குறைவு. எதிரி, நாம் சேர்த்து வைத்திருக்கும் சாமான்தான். பரணில் கொலுப் பெட்டியும் கல்யாணச் சீர் பாத்திரமும், ஹாலில் பிள்ளைகளின் கேடயங்கள், பால்கனியில் வாஷிங் மெஷினோடு காற்றுப் போன சைக்கிள். இவற்றில் பாதியை மூட்டை கட்டி உறவுக்காரர் வீட்டு மாடிக்கு அனுப்புங்கள். எப்படியும் வீடு மாறத்தான் போகிறீர்கள், கட்டுவதை இப்போதே கட்டலாம். முதலில் பால்கனியைக் காலி செய்யுங்கள். வெளிச்சம் ஹால் வரை வரும்.

சொல்லச் சங்கடமான ஒன்று உண்டு. ஹாலில் மாலை போட்ட பெரியவர் படம் இருந்தால் வாங்க வருகிறவர்கள் கொஞ்சம் தயங்குகிறார்கள். 'இங்கேதான் காலமானாரா?' என்று கேட்கவும் மாட்டார்கள், கேட்காமல் மறக்கவும் மாட்டார்கள். வீடு பார்க்க ஆள் வருகிற நாட்களில் படத்தை உள்ளறைக்கு மாற்றுவதில் தப்பில்லை. பூஜை அலமாரி அப்படியல்ல. விளக்கேற்றி இருந்தால் பலருக்கு மனசுக்கு நிறைவாக இருக்கும்.

வீட்டுக்காரர் கூடவே நடந்தால் வந்தவர்கள் அலமாரியைத் திறக்கமாட்டார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் மாட்டார்கள். காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஒதுங்கிவிடுங்கள். கேள்விகளுக்கு மட்டும் கையில் பதில் இருக்கட்டும்: யூடிஎஸ் (மனையில் ஃபிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு, மெயின்டனன்ஸ் எவ்வளவு, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறீர்களா. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் என்றால் 2015லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்ற கேள்வி கட்டாயம் வரும். எந்த சோஃபாவும் இதற்குப் பதில் சொல்லாது. உள்ளதைச் சொல்லிவிடுங்கள், எப்படியும் கீழே வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டுதான் போவார்கள்.

வாடகைச் சாமான்

இதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 80 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் சுமார் 46,700 ரூபாய். அதாவது வீடு ஒரு மாதம் விற்காமல் நின்றால் அவ்வளவு போகிறது. ஹாலுக்கும் ஒரு பெட்ரூமுக்கும் சாமான் எடுக்க மாதம் பத்துப் பதினைந்தாயிரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அது விற்பனையை ஒரு மாதம் முன்னால் இழுத்தாலே லாபம். இழுக்குமா என்பதுதான் கேள்வி. 80 லட்ச ஃபிளாட்டை வாங்க வருகிறவர் அநேகமாக வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருப்பவர். அவரிடம் சோஃபாவும் இருக்கிறது, அது எங்கே போகும் என்ற கணக்கும் இருக்கிறது. டேப் கோடே அவருக்குப் போதும்.

இரண்டு கோடியைத் தாண்டிய வீடுகளில் கதை வேறு. அடையாறிலோ அண்ணா நகரிலோ நீளமான பெரிய ஹாலைக் காலியாகக் காட்டினால் எதை எங்கே வைப்பது என்றே பிடிபடாது. அங்கே சோஃபாவும் டைனிங் டேபிளும் இரண்டு இடங்களைப் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்கின்றன. அங்கும் ஹாலும் பெரிய படுக்கையறையும் போதும். இரண்டாவது, மூன்றாவது பெட்ரூமுக்குக் காசு போடாதீர்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து விற்பது

மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஏசி எல்லாம் புதிதாகப் போட்டு, 'ஃபுல்லி ஃபர்னிஷ்டு' என்று 85 லட்சம் சொல்வது. எதிர் ஃபிளாட்காரரின் யோசனை இது. இடிக்கும் இடம் வங்கி. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது கட்டடத்தையும் மனையையும்தான், கட்டிலையும் ஏசியையும் அல்ல. அவர் 80 லட்சம் என்று போட்டால் கடன் 64 லட்சம் வரை. மிச்சம் 16 லட்சம் கைக்காசு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்து 7 லட்சத்து 20 ஆயிரம், அதுவும் கைக்காசு. ஏற்கெனவே 23 லட்சத்துக்கு மேல் புரட்டிக்கொண்டிருப்பவரிடம் சாமானுக்கு இன்னொரு ஐந்து லட்சத்தை ரொக்கமாகக் கேட்கிறோம். 'கிச்சனை நீங்களே கழட்டிக்கிட்டுப் போங்க, அஞ்சைக் குறைச்சுக்கோங்க' என்று அவர் சொல்வதில் ஆச்சரியம் என்ன?

ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) மட்டும் இந்த வழி எடுபடும். சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரியில் வாங்குபவர்களில் பலர் குடிபோவதற்காக வாங்குவதில்லை, ஐ.டி. ஆட்களுக்கு வாடகைக்கு விடத்தான் வாங்குகிறார்கள். கட்டில், ஏசி, வாஷிங் மெஷினோடு கொடுத்தால் அடுத்த மாதமே வாடகை வரும் என்பது அவர்களுக்குப் புரியும். மேற்கு மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் அதே சாமான் பாரம்தான்.

எந்த ஏரியாவாக இருந்தாலும் விட்டுவிட்டுப் போக வேண்டியவை ஃபேன், கீசர், ஜன்னல் கொசுவலை, இன்வெர்ட்டர் வயரிங். கொசுவலை இல்லாத ஜன்னலை நம் ஊரில் யாரும் திறந்து பார்ப்பதுகூட இல்லை.

கம்ப்யூட்டரில் சாமான் போட்ட படம்

செலவே இல்லாத வழி. காலி ஹாலைப் படம் எடுத்துக் கொடுத்தால் ஏஐ செயலி நிமிடத்தில் சோஃபா போட்டுத் தருகிறது. வெப்சைட்டில் போட்டால் போன் வரும், சந்தேகமில்லை. நேரில் வந்தவர் முகம் மாறுவதையும் பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி முதல், விற்பனை விளம்பரத்தில் இப்படித் திருத்திய படம் போட்டால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. இங்கும் அசல் படத்தையும் பக்கத்திலேயே போடுவது நல்லது. சோஃபா போடச் சொன்னால் சில செயலிகள் சுவர்க் கறையையும் சேர்த்துத் துடைத்துவிடுகின்றன. அந்தக் கறை நேரில் தெரியும்போது, மீதிப் படங்களையும் வந்தவர் நம்பமாட்டார்.

வாடகைக்கு ஆள் இருக்கும் வீடு என்றால் மேலே சொன்ன எதுவும் உங்கள் கையில் இல்லை. அவர் ஒத்துழைத்தால்தான் வீட்டைக் காட்டவே முடியும். முதலீட்டுக்கு வாங்குபவரிடம் அப்படியே விற்கலாம். குடிவரப் போகிறவருக்கு என்றால் வாடகைக்காரர் காலி செய்யும் வரை பொறுத்து, மராமத்து முடித்துக் காட்டுவதுதான் விலைக்கு நல்லது.

எந்த வழியில் காட்டினாலும், அட்வான்ஸ் கைமாறும் அன்றைக்கே எது வீட்டோடு இருக்கும், எது உங்களோடு வரும் என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் பட்டியலாக எழுதிவிடுங்கள். ஹாலில் மூன்று ஃபேன் பார்த்தோம், இப்போது இரண்டுதான் இருக்கிறது என்று பத்திரப்பதிவு அன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் தகராறு செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.