‘கத்தியில்லாமல் ஜவ்வு ஒட்டும்’ என்ற பேனரை நம்பிப் பணம் கட்டும் முன்

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் கபடியில் தம்பி விழுந்தான். ரெய்டு போய்த் திரும்பும்போது ஒருவர் காலைப் பிடித்துவிட்டார். உடம்பு திரும்பியது, ஊன்றிய இடது கால் திரும்பவில்லை. ‘டப்’ என்ற சத்தம் அவனுக்கே கேட்டதாம். ராத்திரி ஒன்பது மணிக்குள் முட்டி இளநீர் போல வீங்கிவிட்டது. ஸ்கேனில் ஏசிஎல் என்கிற முட்டியின் நடு ஜவ்வு முழுதாக அறுந்திருந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஒன்றே முக்கால் லட்சம் கேட்டார்கள். என் தையல் கடையை நம்பி ஓடுகிற குடும்பம் எங்களுடையது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அந்தப் பேனர் கண்ணில் பட்டது.

ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்கலாம் என்பது பொய்யில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வைத்தியத்தின் பெயரைச் சொல்லி எங்களுக்கு வேறெதையோ விற்றார்கள், அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பேனர் போட்ட இடத்தில் நாங்கள் கட்டியது மொத்தம் 32,000 ரூபாய். முட்டிப் பட்டைக்கு 12,000, நாற்பது ‘சிட்டிங்’குக்கு 20,000. பட்டையின் உறையில் விலை ஒட்டியிருந்த இடம் நகத்தால் சுரண்டப்பட்டிருந்தது. அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பிறகு அதே கம்பெனியின் அதே பட்டையை ஒரு சர்ஜிக்கல் கடையில் 4,000 ரூபாய்க்குப் பார்த்தேன்.

சிட்டிங் என்றால் இவ்வளவுதான்: ஒரு பையன் வந்து முட்டியைச் சுற்றி நாலு பேடு ஒட்டுவான், கரண்ட் மெஷினைப் போடுவான், மேலே சூடான பை ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடுவான். இருபத்தைந்து நிமிடம் கழித்து மெஷின் கத்தும். முடிந்தது. ஒரு நாள்கூட ஒரு பயிற்சி சொல்லித்தரவில்லை. தம்பியே கேட்டதற்கு, “கால ஆட்டாதீங்க தம்பி, ஒட்டுற ஜவ்வு விட்டுப்போயிடும்” என்றார் நடத்துகிறவர். ராத்திரி பகல் பட்டையை நேராகப் பூட்டியே வைக்கச் சொன்னார். ‘ஆஸ்திரேலியா முறை’ என்று செல்போனில் ஒரு வீடியோவும் காட்டினார்.

அந்த முறை எது என்று பிற்பாடு தேடிப் படித்தேன். கிராஸ் என்ற டாக்டர்களின் பெயரில் ஒரு முறை உண்மையாகவே இருக்கிறது. 2023இல் 80 பேரின் முடிவை வெளியிட்டார்கள். மூன்றாம் மாத எம்ஆர்ஐயில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஜவ்வு ஒட்டியதற்கான அடையாளம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருவது. ஆனால் அதில் முட்டியை 90 டிகிரி மடக்கி நாலு வாரம் பூட்டுகிறார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டவிட்டு, பன்னிரண்டாம் வாரம் கழற்றுகிறார்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்கிறார்கள். பயிற்சியும் கூடவே நடக்கிறது. அடிபட்ட சில வாரங்களுக்குள் தொடங்க வேண்டும். எங்களுக்குச் செய்ததில் இதில் ஒன்றுகூட இல்லை.

ஏழாவது வாரம் அவனுக்குப் பேன்ட் தைக்க அளவெடுத்தேன். முட்டிக்கு மேலே ஆறு இன்ச்சில் டேப்பைச் சுற்றினால் வலது தொடை இருபது, இடது பதினெட்டு. தப்பாக வைத்துவிட்டேனோ என்று இரண்டு தரம் அளந்தேன். போய்ச் சொன்னதற்கு, “பட்டை போட்டா அப்படித்தாம்மா இருக்கும்” என்றார்கள். நாற்பதாவது சிட்டிங் முடிந்ததும் “ஒட்டிடுச்சு” என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஸ்கேன் இல்லை. முட்டியைக் கையால் இழுத்துப் பார்க்கக்கூட இல்லை.

பத்தாவது நாள் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பினான், முட்டி நழுவியது. பாதி மடங்கின கால் நீளவேயில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கமாக இழுத்துக் காட்டினார். எலும்பு முன்னால் வழுக்கி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகாத அந்தச் சோதனையை முன்பு யாரும் செய்யவில்லை. நழுவியதில் உள்பக்கக் குஷன் ஜவ்வும் கிழிந்து மடங்கிச் சிக்கியிருந்தது. புது ஜவ்வு வைத்தார்கள். குஷனைத் தைக்க முடியாமல் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு அது திரும்ப வராது.

அங்கே பிசியோ பார்க்கிற அம்மாவிடம் கேட்டேன், முதலிலேயே சரியாகச் செய்திருந்தால் ஆபரேஷன் தேவைப்பட்டிருக்காதா என்று. “சொல்ல முடியாதும்மா, ஆனா ஒரு நல்ல வாய்ப்பு இருந்துச்சு” என்றார். ஸ்வீடனில் ஏசிஎல் அறுந்த 121 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. முதலில் பயிற்சி, முடியாவிட்டால் ஆபரேஷன் என்று விட்டவர்கள் 59 பேர். இரண்டு வருடத்தில் அதில் 23 பேர் புது ஜவ்வு வைக்கும் ஆபரேஷனுக்குப் போனார்கள், மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. உடனே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இவர்களுக்கும் சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இந்த 59 பேரும் மாதக்கணக்கில், ஆள் பக்கத்தில் நின்று சொல்லித்தர, பயிற்சி செய்தவர்கள். தொடையும் பின்தொடையும் வலுத்தால்தான் முட்டி நிற்கும். கரண்ட் பேடு மட்டும் அந்த வேலையைச் செய்யாது.

இன்னொன்று. நம் ஊரில் முட்டிக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் ‘ஜவ்வு’ என்று ஒரே பெயர். பக்கவாட்டு ஜவ்வு மட்டும் கிழிந்தால் பெரும்பாலும் பட்டையும் பயிற்சியுமே போதும். நடு ஜவ்வு வேறு கதை. குஷன் சிக்கிக் கால் பூட்டிக்கொண்டால் காத்திருக்கக் கூடாது. எந்த ஜவ்வு, முழுசா பாதியா, என்ன பயிற்சி, முட்டி நழுவினால் அடுத்து என்ன என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். பட்டைக்குத் தனி பில் வாங்குங்கள். எங்களிடம் இருப்பது ‘பிசியோ 32,000’ என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டுதான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அப்படியொரு இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள், பட்டையைக் கழற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாலொழிய, இன்று ராத்திரி இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். தம்பிக்கு ஞாயிறுதோறும் அளக்கிறேன். போன வாரம் பதினெட்டே கால்.